ஊசிக்காரம்மாவின் இரண்டு வாளிகள்

வத்தல்மலையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஒன்றரை மைல் நடந்தால் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட ஓர் ஊர் வரும். அங்கே போய்க் கோகிலவாணி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஊசிக்காரம்மா வீடு என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். அந்தப் பெயரை அவள் சம்பாதித்தது ஒரு கன்றுக்குட்டியைப் பறிகொடுத்து. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கெடுத்துக்கொண்டதும் அவளேதான். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் சாணியைப் பற்றிப் பேசாமல் முடியாது. மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

மலையில் விளைநிலத்துக்குக் கொல்லை என்று பெயர். பாதி கல், பாதி செம்மண். நாலு மழை சேர்ந்தாற்போல் பெய்தால் மேல்மண் ஓடையில் இறங்கித் தர்மபுரிக்காரனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உரமூட்டையை முதுகில் சுமந்து ஏற்றிப் போட்டாலும் அதுவும் கூடவே போகும். அதனால் அந்த ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. பகலில் மாடுகள் காட்டோரச் சரிவில் மேயும். பொழுது சாய்ந்ததும் ஊரின் மொத்த மாடுகளையும் ஒரே ஒருத்தர் கொல்லையில் மூங்கில் படல் கட்டி அடைப்பார்கள். அதற்குப் பட்டி என்று பெயர். இரண்டு நாள் ஒரு வீட்டுக் கொல்லை, அடுத்த இரண்டு நாள் அடுத்த வீட்டுக் கொல்லை. வைகாசி நடுவில் தொடங்கி ஆனி முடிவதற்குள் பட்டி ஊரைச் சுற்றி வந்துவிடும். பின்னாலேயே சாமை விதைப்பு. முதல் முறை யாருக்கோ அவர் முதல் மழையிலேயே விதைக்கலாம். அதனால் அந்த முதல் முறைக்கு ஊரில் பெரிய மரியாதை.

கொஞ்சம் நின்று யோசித்துப் பார்த்தால் எத்தனை கெட்டிக்கார ஏற்பாடு என்று புரியும். சரிவில் வெயில் விழுகிறது, புல் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாடு அந்தப் புல்லைத் தின்கிறது. தின்றதில் உடம்பில் ஒட்டுவது பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் மூச்சாகவும் சூடாகவும் நடையாகவும் செலவாகிப் போக, மிச்சம் சாணியாக விழுகிறது. ஆக, யாரும் உழமுடியாத காட்டுச் சரிவின் சத்து நான்கு காலில் நடந்து, தானாகக் கொல்லைக்கு வந்து இறங்குகிறது. வண்டி வாடகை கிடையாது.

இனி கன்றுக்கு வருவோம். கோகிலவாணிக்குக் கல்யாணமான ஒன்பதாவது வருஷம் அவள் வளர்த்த செவலைப் பசு ஒரு கிடேரிக் கன்று போட்டது. நாலே மாதத்தில் அது முடி சிலிர்த்து, வயிறு ஊதி, கழிந்து கழிந்து செத்துப்போனது. கீழேயிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே நூல்கண்டைப் பிரித்துக் கொட்டியதுபோல் புழு. அன்று முழுக்கக் கோகிலவாணி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"புழுவுக்கு என்னா செய்யணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே செய்யறேங்க."

எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் தர்மபுரியில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனாள். போக வர பஸ்ஸிலேயே பாதி நாள் கழியும். மாட்டின் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி அடியில் ஊசியை ஏற்றுவதை மூன்றாவது நாளே கற்றுக்கொண்டாள். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். வருஷத்துக்கு இரண்டு தரம் போதும், அதுவும் சாணியைப் பார்த்து, புழு இருக்கிற மாட்டுக்கு மட்டும் போடு என்றார். கோகிலவாணி அதில் 'போடு' என்பதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலையேறினாள். செத்த கன்று கண்ணுக்குள் நிற்கிறவளிடம் அளவைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்?

முதல் வருஷமே ஊர் மாடுகள் எண்ணெய் தடவினாற்போல் மின்னின. ஒரு கன்றுகூடச் சாகவில்லை. வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். அவளும் கூலி வாங்காமல், மருந்துக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊர் முழுக்கப் போட்டாள். அப்புறம் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. பட்டியில் எல்லா மாடும் ஒன்றாகப் படுக்கிறதே, ஒன்றின் புழு இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று. பட்டிக்கு முந்தின வாரம் ஒரு ஊசி, பட்டி நடக்கும்போதே இன்னொரு ஊசி. ஊசி போடாத மாடு பட்டிக்குள் வரக்கூடாது. ஊர்க்கவுண்டர் மாது இதைச் சட்டமாகவே சொல்லிவிட்டார். முதல் முறை இனிமேல் ஊசிக்காரம்மா கொல்லைக்குத்தான் என்றும் அதே கூட்டத்தில் முடிவானது.

சட்டம் போட்டால் அதை மீற ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் காளி. கோகிலவாணியின் புருஷன் பூபதிக்குச் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தன். நாற்பது வயசு, இரண்டு ஏக்கர், ஐந்து மாடு, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஊசியைக் கண்டால் அவனுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று பலாமரத்தில் ஏறியவன் பொழுது சாய்ந்துதான் இறங்கினான். தனக்கு ஆகாதது தன் மாட்டுக்கும் ஆகாது என்பது அவன் கட்சி.

"மாடு எதுனா கேட்டுச்சாங்க அண்ணி, ஊசி வேணும்னு?" என்பான். அதற்கு யார் என்ன பதில் சொல்வது? அவன் மாடுகளைப் பட்டியிலிருந்து ஒதுக்கினார்கள். அவன் பாட்டுக்குத் தன் கொல்லையிலேயே அவற்றைக் கட்டிக்கொண்டான்.

சட்டம் வந்த மூன்றாவது வருஷம் ஊரில் என்னவோ சரியில்லை. ஈ பெருகிவிட்டது. மாடுகள் மேயாமல் தலையை உதறிக்கொண்டு நின்றன, பால் குறைந்தது. சரிவில் நிறைய இடத்தில் மாடு வாயே வைக்கவில்லை. அதைவிட மோசம், சாமை. போன வருஷமே சுமார்தான். இந்த வருஷம் முளைத்த பயிர் முழங்கால் உயரத்துக்குமுன் மஞ்சளடித்து நின்றது. மாடு உண்டு, பட்டி உண்டு, மழையும் குறைவில்லை. பின் என்ன கேடு? தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கோகிலவாணியிடமும் கேட்டார்கள். யோசிக்காமல் அவள் ஒரு வார்த்தை விட்டாள்.

"காளி மாட்டுப் புழுதான். அதுங்களும் அதே சரிவுலதானே மேயுது? நாம ஊசி போட்டு என்னா பண்றது?"

அந்த வார்த்தை குழாயடியிலிருந்து டீக்கடைக்குப் போய், டீக்கடையிலிருந்து மாதுவிடம் போய்ச் சேர்ந்தது. புழுவுக்கும் சாமை மஞ்சளடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தர் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. ஊசிக்காரம்மாவே சொல்லிவிட்டாளே.

சொன்னவளுக்கு மட்டும் ஒரு உறுத்தல். ஒரு நாள் மத்தியானம் பட்டி எடுத்து ஒரு மாதத்துக்கு மேலான தன் கொல்லையின் விதைக்காத ஓரத்தில் நடந்துகொண்டிருந்தாள். சாணி போட்டது போட்டபடி கிடந்தது. வறட்டி மாதிரி காய்ந்து தரையோடு ஒட்டியிருந்தது. விரலால் நெம்பினாள். தோசையைத் திருப்புகிறாற்போல் முழுசாகக் கையில் வந்தது. அடியில் மண் இறுகிக் கிடந்தது, புல் வெளுத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. சாணிக்கு அடியில் எப்போதும் ஒரு சந்தையே நடக்கும். மழை விழுந்த மறுநாள் போட்ட சாணிக்கு, மாடு நகர்வதற்குள் வண்டு வந்து இறங்கும். ஊரில் அதற்குப் பெயர் பீயுருட்டி. கேட்கவே நன்றாயில்லை, அதனால்தானோ என்னவோ அதை யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. சிலது உருட்டிக்கொண்டு ஓடும், சிலது சாணிக்கு நேர் கீழே குழி தோண்டி அள்ளி அள்ளி உள்ளே கொண்டுபோய் உருண்டை பிடித்து அதில் முட்டையிடும். மறுநாள் மத்தியானம் பார்த்தால் சாணி இருந்த இடத்தில் பொடிமண்ணும் சல்லடை ஓட்டையும்தான் இருக்கும். சத்து வேருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். வண்டைக் கொத்த கொண்டலாத்தி வரும், கரிச்சான் வரும். அந்தப் பறவைகளைப் பார்த்தே இரண்டு வருஷமாகிறது என்பது அப்போதுதான் கோகிலவாணிக்கு உறைத்தது. எப்படி இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நேரே காளியின் கொல்லைக்கு நடந்தாள். அவன் சாமை கருகருவென்று நின்றது. யூரியாவை ஒளித்து வைத்துப் போடுகிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள், உள்ளதைச் சொல்ல வேண்டும். பிறகு அவன் மாடு கட்டியிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் சாணியைக் கிளறினாள். உள்ளே புளியங்கொட்டை அளவில் பளபளவென்று கறுப்பு வண்டுகள். ஒன்று, இரண்டு இல்லை, ஒரே சாணியில் பதினெட்டு எண்ணினாள்.

"என்னாங்க அண்ணி, எங்க மாட்டு சாணியில என்னாத்த தேடறீங்க? மோதிரம் விழுந்துடுச்சா?" பின்னால் காளி நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா பாத்தேன்."

"சாணிய சும்மா பாக்கறதுக்கும் நம்ம ஊர்ல ஆள் இருக்குதுன்னு இன்னைக்குத்தாங்க தெரியுது."

கோகிலவாணி எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். "காளி, எனக்கு ஒரு கூடை சாணி குடேன். இந்த வண்டுங்க கொஞ்சமும் வேணும்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. கூடையில் அள்ளிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னான். "எடுத்துக்குங்க. ஆனா அதுங்களுக்கு ஊசி கீசி போட்டுடாதீங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னான். வீடு வரும் வரைக்கும் அது அவள் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டில் பெயிண்ட் வாளிகள் இரண்டு காலியாக இருந்தன. இரண்டிலும் முக்கால் அளவு மண் போட்டு ஈரமாக்கினாள். ஒன்றில் தன் செவலை போட்ட சாணி, ஊசி போட்டு எட்டு நாளானது. மற்றதில் காளி மாட்டுச் சாணி. காளி கொல்லையிலிருந்து கொண்டுவந்த வண்டுகளை ஆளுக்குப் பாதியாக, வாளிக்குப் பன்னிரண்டு விட்டாள். கொசுவலைத் துணியால் வாயைக் கட்டி, பலாமரத்து நிழலில் வைத்தாள். இரண்டும் ஒரே மரம், ஒரே நிழல், ஒரே தண்ணீர். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சாணி ஒன்றைத் தவிர வேறெதுவும் வித்தியாசமாக இருக்கக்கூடாது என்று அவளுக்கே தோன்றியது. பெரிய படிப்புப் படித்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பெயர் தெரியாமலே ஒரு பெண்பிள்ளை அதைச் செய்தாள் என்றால் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

இரண்டு வாளியிலும் வண்டுகள் உள்ளே இறங்கின. முதல் வாரத்தில் பார்க்க வித்தியாசமே இல்லை. பூபதி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டு வளத்து யாருக்கு விக்கப்போற?" என்று சிரித்துவிட்டுப் போனான். ஆடி முழுக்க அவள் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தாள்.

ஆவணி இரண்டாவது வாரம் காளி வாளியில் துணிக்கு அடியில் சரசரவென்று சத்தம். புதுசாகப் பொரித்த வண்டுகள், எண்ணிப் பார்த்ததில் முப்பத்தொன்று. தன் வாளியில் சத்தமே இல்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு தரையில் சாக்கை விரித்துக் கொட்டி, உருண்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். பத்தொன்பது உருண்டை. பதினாறில் புழுப்பருவத்திலேயே கறுத்துச் சுருங்கிச் செத்துக் கிடந்தன. இரண்டில் முட்டையே பொரிக்கவில்லை. ஒரே ஒரு வண்டு, அதற்கும் இறக்கை சரியாக விரியவில்லை.

கன்று செத்த அன்றைக்கு அழுதாள், அது வேறு. இன்றைக்கு அழுகைகூட வரவில்லை. புழுவைக் கொல்லப் போட்ட மருந்து மாட்டோடு நிற்காமல் சாணியில் இறங்கி, மண்ணுக்கு வேலை செய்கிற புழுவையும் கொன்றிருக்கிறது. ஊரின் மொத்த மாட்டுக்கும், சரியாகப் பட்டி கட்டுகிற மாதத்தில், வண்டு முட்டையிடுகிற மழையில், மூன்று வருஷம். பட்டி எந்தெந்தக் கொல்லைக்குப் போனதோ அந்தந்தக் கொல்லைக்கு அந்தச் சாணியும் போயிருக்கிறது. ஒரு கொல்லை தப்பவில்லை, காளியுடையதைத் தவிர. பாறைமேல் ஏறி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். வாளியில் கண்டதைச் சொன்னாள். "எத்தனை தரம் போட்டம்மா?" என்றார். கோகிலவாணி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். அந்த ஊசிமருந்து சாணியில் வாரக்கணக்கில் தங்கும், வண்டுப் புழுவுக்கு ஆகாது என்று அவர் உறுதிப்படுத்தினார். குடற்புழுவுக்கு வேறு மாத்திரை உண்டு, அது வண்டை அவ்வளவு வாட்டாது என்றும் சொன்னார்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அறுவடை அந்த வாரம்தான் முடிந்தது. ஆறு மூட்டை வருகிற கொல்லையில் இரண்டு, மூன்று. புருஷனை இழந்து தனியாகப் பாடுபடுகிற செல்லிக்கு ஒன்றரை மூட்டை. ஊர் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம் என்று மாது ஆள் விட்டுச் சொன்னார். விஷயம் ஒன்றுதான். காளியின் மாடு இனிமேல் ஊர்ச் சரிவில் மேயக்கூடாது. சரிவில் மேயாவிட்டால் ஐந்து மாட்டுக்கும் அவன் எங்கே போவான்? விற்க வேண்டியதுதான். கீழேயிருந்து மாட்டுத் தரகன் ஒருத்தன் சனிக்கிழமையே வந்து, அவன் மாடுகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். காளி அன்று மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

கோகிலவாணி பூபதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்ல மனுஷன், ஆனால் வம்புக்குப் போகாதவன்.

"நாமளா போயி எதுக்குச் சொல்லணும்? வர்ற வருசம் ஊசிய நிறுத்திடு, தானா சரியாயிடும். யாருக்குந் தெரியாது."

"காளி மாடு?"

"ரெண்டு மாட்ட நானே வாங்கிக்கறேன். அவனுக்கும் ஒண்ணும் நட்டமில்ல."

"அது அவன் மாடுங்க. என் வாயால வந்த பழிக்கு அவன் எதுக்கு விக்கணும்?"

"சொன்னா ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது, பாத்துக்க."

"குனிஞ்சே நடந்துக்கறேன்" என்றாள் கோகிலவாணி. "மூணு வருசமா நிமிந்துதான் நடந்தேன். அதனாலதான் தரையில கெடந்தது கண்ணுல படல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளியைப் பூபதியே தூக்கிக்கொண்டு வந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும்.

கூடத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது இருந்தார்கள். காளி வாசற்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. மாது தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் நல்லதுக்காகத்தான் இந்த முடிவு, காளிமேல் யாருக்கும் கோபமில்லை என்று ஆரம்பித்தார். கோபமில்லாமல் ஒருத்தன் பிழைப்பைப் பிடுங்குகிற பேச்சு எல்லா ஊரிலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அவர் முடிப்பதற்குள் கோகிலவாணி எழுந்தாள்.

"மாமா, ஒரு நிமிசம். காளி மாட்டு மேல தப்பில்ல. நான் சொன்னது தப்பு."

"ஏம்மா கோகிலா, நீதானே சொன்ன, புழுன்னு?"

"நான்தான் சொன்னேன். அதுக்கோசரந்தான் நானே வந்து நிக்கறேன்."

இரண்டு வாளியையும் கூடத்துச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தாள். ஊரே முகம் சுளித்தது. இரண்டு குவியல் மண். ஒன்றிலிருந்து வண்டுகள் வெளியே வந்து நாலா பக்கமும் நடந்தன. பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு காலைத் தூக்கினார்கள். மற்றக் குவியலில் எதுவும் அசையவில்லை. உடைத்த உருண்டைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கறுத்துச் சுருண்டதை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். எது எந்தச் சாணி, எத்தனை நாள், எத்தனை வண்டு என்று விளக்கினாள்.

"நாம திங்கறது எல்லாம் வெயிலுதாங்க. வெயில புல்லு திங்குது, புல்ல மாடு திங்குது, மண்ணுலேருந்து வர்றத நாம திங்கறோம். வெயிலுக்குக் கவலையில்ல, தெனமும் புதுசா வரும். மண்ணுச் சத்து அப்படி வராதுங்க. இருக்கறதுதான் சுத்திக்கிட்டே இருக்கணும். சாணி கீழ எறங்கினாத்தான் மேல பயிரு. எறக்கிவிடறது இந்த வண்டுதான். அது ஈ மொய்க்கறதுக்குள்ள சாணிய இழுத்துக்கிட்டுப் போயிடும், ஈயும் பெருகாது. சாணி மேல கெடந்தா மாடு அந்தப் புல்லுல வாய் வெக்காது. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு. நடுவுல ஒண்ண நான் அறுத்துட்டேன்."

பின்வரிசையிலிருந்து செல்லி எழுந்தாள். ஐம்பது வயசு, சண்டைக்குப் போகிற பெண் இல்லை.

"அப்போ மூணு வருசமா எங்க சாமைய கெடுத்தது நீதானா?"

பூபதி வாயெடுத்தான். கோகிலவாணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். கன்று செத்ததைச் சொல்லியிருக்கலாம். உங்கள் மாடுகள் மின்னியபோது நீங்களும்தானே சந்தோஷப்பட்டீர்கள் என்று கேட்டிருக்கலாம், அது நியாயமும்கூட. எதையும் சொல்லவில்லை.

"ஆமாக்கா. நான்தான்."

செல்லி அவளைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கூடத்தை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஊசியை விட்டால் கன்று சாகுமே என்று ஒருத்தர் கேட்டார், நியாயமான கேள்வி. புழு இருக்கிற மாட்டுக்கு மட்டும் மாத்திரை, பட்டி மாதத்தில் எதுவுமே கிடையாது, சாணியை வாரம் ஒருமுறை தானே வந்து பார்க்கிறேன் என்றாள் கோகிலவாணி. செத்த வண்டுக்கு என்ன வழி என்று இன்னொருத்தர் கேட்டார். "காளி கொல்லையில இருக்குது. அவன் மாடு எந்தக் கொல்லையில சாணி போடுதோ அங்க இதுங்கள கொண்டாந்து விட்டாப் பெருகும். மத்த மாட்டுச் சாணி சுத்தமாக இன்னும் ரெண்டு மாசமாவது ஆவும்."

அப்போது நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். புரட்டாசியில் கொள்ளு விதைப்புக்கு முன்னால் ஒரு சின்னப் பட்டிச் சுற்று உண்டு. ஊரை விட்டு ஒதுக்க இருந்த அந்த ஐந்து மாட்டுக்குக் கூடத்தில் போட்டி வந்துவிட்டது. எனக்கு முதல் முறை, எனக்கு முதல் முறை என்று சத்தம். மாதுவே, "ஊர்க்கவுண்டர் கொல்லைக்கு வராம எப்படி?" என்று கேட்டுவிட்டு, தானே வெட்கப்பட்டு உட்கார்ந்தார். காளி வாசற்படியிலிருந்து ஒரு அடி உள்ளே வைத்தான்.

"மாடு என்னுது. மொதல்ல அண்ணி கொல்லைக்குத்தான். இந்த ஊர்ல என் மாட்டு சாணிய தொட்டுப் பாத்தது அவங்க ஒருத்தர்தான்."

"வேண்டாம்" என்றாள் கோகிலவாணி. "மூணு வருசம் மொத முறை எனக்கு. இந்தத் தரம் கடைசி."

கடைசி என்றால் என்ன என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஐந்தே மாடு, இருபத்திரண்டு கொல்லை. பட்டி அவள் கொல்லைக்கு வருவதற்குள் மழை போயிருக்கும், கொள்ளு விதைக்க ஈரம் இருக்காது. அந்த வருஷம் அவள் வீட்டில் சாமையும் சொற்பம், கொள்ளும் இல்லை. ரேஷன் அரிசியில்தான் ஓட்டினார்கள். பூபதி ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

காளி அவள் பேச்சைக் கேட்கிறவனா? கூட்டத்துக்கு மறுநாள் விடிந்து வாசல் திறந்தால் அவள் கொல்லை வரப்பில் ஐந்து மாடும் முளையடித்துக் கட்டிக் கிடந்தன. ஒரு கூடையில் வண்டும் வைத்துவிட்டு ஆள் மறைந்துவிட்டான். "இவனுக்கு எதையும் ஒரு தரம் சொன்னாப் பத்தாது" என்று திட்டிக்கொண்டே கோகிலவாணி முளைகளைப் பிடுங்கினாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கயிறுகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, மாடுகளைச் செல்லியின் கொல்லைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே சாய்த்து வைத்திருந்த படலைக் கொல்லை மூலையில் நிறுத்திக் கட்ட ஆரம்பித்தாள்.

குடிசைக் கதவு திறந்தது. செல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மாடுகளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், கோகிலவாணி போட்டுக்கொண்டிருந்த முடிச்சைப் பார்த்தாள். இறங்கி நேரே வந்தாள்.

"என்னா முடிச்சு இது? ஊசி பிடிச்ச கைக்குப் படல் கட்ட வருமா? மாடு ஒரு இடி இடிச்சா அவுந்துரும். கயித்த இப்படிக் குடு."

கோகிலவாணி கயிற்றைக் கொடுத்துவிட்டு, செல்லி கட்டி முடிக்கும்வரை மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.